பொண்ணோட பிரசவத்துக்கு அமெரிக்கா போறேன், அங்க நான் கார் ஓட்டலாமா?

வாசகி ஒருத்தர் நீளமா எழுதியிருக்காங்க. வயசு 56, கார் ஓட்ட ஆரம்பிச்சு 22 வருஷம் ஆச்சு. பொண்ணு கலிஃபோர்னியால, ரெண்டாவது குழந்தை, இப்ப ஏழாவது மாசம். விசிட்டர் விசால அக்டோபர்ல கிளம்பி அஞ்சு மாசம் கூட இருக்கப்போறாங்க. மாப்பிள்ளைக்கு வேலை நேரம் ஒரு ஒழுங்கா இல்ல, அதனால அஞ்சு வயசு பேரனை ஸ்கூல்ல விடறது, கூட்டிட்டு வர்றது, பொண்ணை செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போறது எல்லாம் தானே பார்த்துக்கலாம், நடு ராத்திரி வலி எடுத்தா ஹாஸ்பிடலுக்கு ஓட்டிட்டுப் போகவும் தயாரா இருக்கணும்னு நினைக்கறாங்க. தெரிஞ்சவங்க ஒருத்தர் இன்டர்நேஷனல் லைசென்ஸ், அதாவது இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட், இல்லாம ஸ்டியரிங்கையே தொடக்கூடாதுங்கறாங்க, மாப்பிள்ளை அது தேவையே இல்லங்கறார். அதை எடுத்துட்டா ஒரிஜினல் லைசென்ஸை வீட்லயே பத்திரமா வெச்சுட்டுப் போகலாமான்னு கேக்கறாங்க. மாப்பிள்ளை வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கு, அதனால அந்தக் கவலை இல்லையாம். போலீஸ் நிறுத்தினா இறங்கிப் போய் மரியாதையா விஷயத்தைச் சொல்லிடுவேன், புரிஞ்சுக்குவாங்கன்னும் எழுதியிருக்காங்க. அவங்களுக்கு இருக்கற பயம் ஒண்ணே ஒண்ணுதான், ரோட்டுக்கு வலது பக்கமா ஓட்டறது. கடைசில போற போக்குல ஒரு வரி: "லைசென்ஸ் டிசம்பர்ல முடியுது, திரும்பி வந்து ரினியூ பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

அம்மா, நான் அந்தக் கடைசி வரில இருந்துதான் ஆரம்பிக்கணும், ஏன்னா உங்க கடிதத்துலயே பெரிய ஆபத்து அதுலதான் இருக்கு.

விசிட்டரா வர்றவங்க அவங்க நாட்டு லைசென்ஸை வெச்சே ஓட்டலாம்னு கலிஃபோர்னியா சட்டம் அனுமதிக்குது. 18 வயசு ஆகியிருக்கணும், லைசென்ஸ் செல்லுபடியில இருக்கணும், அதுல இருக்கற வண்டி வகையைத்தான் ஓட்டணும், அவ்வளவுதான். ஆனா அந்த "செல்லுபடியில இருக்கணும்"ங்கறதுதான் எல்லாத்துக்கும் அஸ்திவாரம். டிசம்பர்ல உங்க லைசென்ஸ் முடிஞ்ச மறுநாள்ல இருந்து நீங்க அங்க லைசென்ஸ் இல்லாம ஓட்டறவங்க. அது கிரிமினல் குற்றமா பதிவாகலாம், வண்டியை டோ பண்ணிட்டுப் போகலாம், அன்னைக்குப் பார்த்து ஒரு ஆக்சிடென்ட் ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கம்பெனி கைய விரிக்க அதுவே போதும். முன்னாடி இங்க லைசென்ஸ் முடிஞ்சாலும் 30 நாள் சலுகை இருந்துச்சு, நிறைய பேர் இன்னும் அதை மனசுல வெச்சுட்டு இருக்காங்க, 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினப்ப அதை எடுத்துட்டாங்க. அதே திருத்தத்துல உங்களுக்கு ஒரு நல்லதும் இருக்கு, லைசென்ஸ் முடியறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே ரினியூவலுக்குப் போடலாம். அதனால இப்பவே போடுங்க. 40 வயசு தாண்டினவங்க டாக்டர்கிட்ட ஃபார்ம் 1ஏ மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்கி வெக்கணும், உங்க வயசுக்கு ரினியூ பண்ணினா அஞ்சு வருஷத்துக்குத் தருவாங்க.

இன்டர்நேஷனல் பர்மிட், யார் சொல்றது சரி?

ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதி சரி. கலிஃபோர்னியா அந்தப் பர்மிட்டை ஒரு லைசென்ஸாவே ஏத்துக்கறது இல்ல. அது உங்க லைசென்ஸோட மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான். இந்தியா, அமெரிக்கா ரெண்டுமே 1949-ல ஜெனிவால போட்ட சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்துல இருக்கறதால அந்தச் சின்னப் புத்தகத்துக்கு ஒரு மதிப்பு உண்டு, ஆனா ஒரிஜினல் கூட இல்லாட்டி அந்த மதிப்பும் இல்ல. அதனால ஒரிஜினலை வீட்ல வெச்சுட்டுப் போற யோசனையை இன்னைக்கே விட்டுடுங்க. ஒரிஜினல் எப்பவும் உங்க கைப்பைல இருக்கணும், ஃபோன்ல இருக்கற ஃபோட்டோ அதுக்கு ஈடாகாது.

அப்ப பர்மிட் எடுக்கணுமான்னா, எடுங்கன்னுதான் சொல்வேன். அமெரிக்கால டிரைவிங் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். லாங் வீக்கெண்டுக்கு மாப்பிள்ளை பக்கத்து மாநிலத்துக்குக் கூட்டிட்டுப் போவார், வாடகைக் கார் எடுப்பாங்க, அங்க கவுண்டர்ல இருக்கறவர் கேக்கலாம். ஃபார்ம் 4ஏ, பாஸ்போர்ட், விசா, 1000 ரூபாய் கட்டணம், ஆர்டிஓ-ல முடிஞ்சுடற வேலை. ஆனா வரிசை முக்கியம், முதல்ல ரினியூவல், அப்புறம் பர்மிட். ஏன்னா பர்மிட் ஒரு வருஷம் வரைக்கும்தான், லைசென்ஸ் அதுக்கு முன்னாடி முடிஞ்சா பர்மிட்டும் அன்னைக்கே முடிஞ்சுடும். ஆன்லைன்ல "உலகம் முழுக்கச் செல்லும், மூணு வருஷம்"னு டாலர்ல விக்கறாங்களே, அது வெறும் அட்டை, பணம் கட்டிடாதீங்க.

இன்னொண்ணு, நம்ம ஆளுங்களுக்குன்னே இருக்கற பிரச்சனை இது. லைசென்ஸ்ல பேருக்கு முன்னாடி வெறும் இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்ல அதே இனிஷியல் விரிஞ்சு அப்பா பேராவோ வீட்டுக்காரர் பேராவோ சர்நேம் கட்டத்துல உக்காந்திருக்கும். அமெரிக்கப் போலீஸ்காரருக்கு அது ரெண்டும் ரெண்டு வேற ஆள். ரினியூவலுக்குப் போறப்பவே பேரை பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரி மாத்திக் கேளுங்க.

"வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கே"

இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க. மாப்பிள்ளைகிட்டயும் காட்டுங்க.

நமக்கு இங்க தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்னா ஒரு தைரியம். யாருக்காவது உயிரோ உடம்போ போச்சுன்னா, பாலிசி சரியா இருந்து லைசென்ஸும் சரியா இருந்தா, ட்ரிப்யூனல் எவ்வளவு சொல்லுதோ அதைக் கம்பெனி கட்டும், மேல் வரம்பு கிடையாது. அமெரிக்கால அப்படி இல்லம்மா. அங்க ஒவ்வொரு பாலிசிக்கும் ஒரு எல்லை இருக்கு. கலிஃபோர்னியால சட்டப்படி வெச்சே ஆகணும்ங்கற குறைஞ்சபட்ச கவர், 2025 ஜனவரில இருந்து, ஒரு ஆளோட காயத்துக்கு 30,000 டாலர், ஒரு விபத்துல எத்தனை பேர் அடிபட்டாலும் மொத்தமா 60,000, பொருள் சேதத்துக்கு 15,000. அதுக்கு முன்னாடி இது 15,000, 30,000, 5,000-ஆத்தான் இருந்துச்சு. ஒரு ஆளுக்கு ஆபரேஷன் பண்ணி நாலு நாள் ஆஸ்பத்திரில வெச்சாலே 30,000 டாலர் நிக்காது, புது கார் ஒண்ணு நல்லா நசுங்கினா 15,000 பத்தாது. எல்லைக்கு மேல போற தொகையை ஓட்டினவங்ககிட்ட கேப்பாங்க, வண்டியைக் கொடுத்த ஓனர்ங்கற முறையில மாப்பிள்ளை மேலயும் பொறுப்பு வரும். அதனால பாலிசி இருக்கான்னு கேக்காதீங்க, லிமிட் எவ்வளவுன்னு கேளுங்க. குறைஞ்சபட்சம்தான் போட்டிருக்காங்கன்னா நீங்க வர்றதுக்கு முன்னாடி ஏத்தச் சொல்லுங்க.

ரெண்டாவது கேள்வி, அந்தப் பாலிசி உங்களுக்குப் பொருந்துமான்னு. ஓனர் அனுமதியோட எப்பவாவது ஓட்டற ஒருத்தரை நிறைய பாலிசி ஏத்துக்கும். நீங்க எப்பவாவது ஓட்டறவங்க இல்லியே, அதே வீட்ல அஞ்சு மாசம் இருந்து தினமும் ஸ்கூலுக்கு ஓட்டப்போறீங்க. கம்பெனி கண்ணுல நீங்க அந்த வீட்டு ஆள், பேரைச் சேர்த்தே ஆகணும்பாங்க. பேரைச் சேர்க்காத டிரைவருக்குக் கவரே இல்லன்னு எழுதின பாலிசிகளும் உண்டு. மாப்பிள்ளை கம்பெனிக்குப் பேசி, வெளிநாட்டு லைசென்ஸ்ல ஓட்டறவங்க, இந்தத் தேதில இருந்து இந்தத் தேதி வரைக்கும் இருப்பாங்கன்னு சொல்லி உங்க பேரைச் சேர்த்து, சேர்த்ததுக்கான பேப்பரை வாங்கணும். ஃபோன்ல "பரவாயில்ல, ஓட்டலாம்"னு யாரோ சொன்னது கிளெய்ம் வர்ற அன்னைக்கு நிக்காது. நீங்க இங்க இருந்து எடுத்துட்டுப் போற டிராவல் இன்சூரன்ஸ் உங்க வைத்தியத்துக்கு, நீங்க வண்டி ஓட்டி அடுத்தவங்களுக்கு உண்டாக்கற நஷ்டம் அதுல பெரும்பாலும் வராது.

வலது பக்கம்ங்கறது ரெண்டு நாள்ல பழகிடும்

நீங்க பயப்படற விஷயத்துல நான் அவ்வளவா பயப்படல. முன்னாடி பின்னாடி வண்டி போயிட்டு இருந்தா கூட்டமே உங்களைச் சரியான பக்கத்துக்கு இழுத்துட்டுப் போயிடும். தப்பு வர்றது ரோடு காலியா இருக்கறப்ப. நான் அங்க முதல் தடவை ஓட்டினப்ப விடியக்காலைல ஒரு காலி பார்க்கிங்ல இருந்து வெளிய வந்து, யோசிக்காம இடது பக்கம் ஏறிட்டேன், எதிர்ல தூரத்துல ஹெட்லைட் தெரிஞ்சப்பதான் உடம்பு சில்லுன்னு ஆச்சு. பார்க்கிங்ல இருந்து கிளம்பறப்பவும், இடது பக்கம் திரும்பி புது ரோட்டுல சேர்றப்பவும், "நான் நடுக்கோட்டுப் பக்கம் உக்காந்திருக்கேனா"ன்னு ஒரு தடவை பாருங்க. டிரைவர் சீட் எப்பவும் ரோட்டு நடுவைப் பார்த்து இருக்கணும், இங்கயும் அப்படித்தான், அங்கயும் அப்படித்தான்.

காருக்குள்ள ரெண்டு விஷயம் இருக்கு. இங்க நிறைய வண்டில இண்டிகேட்டர் வலது கைல, அங்க இடது கைல, முதல் வாரம் திரும்பற ஒவ்வொரு இடத்துலயும் வைப்பர் ஓடும். அதுல ஆபத்து இல்ல, ஆனா பின்னாடி வர்றவருக்கு நீங்க சிக்னல் காட்டவே இல்லன்னு அர்த்தம். இதைவிட முக்கியம் இடது கால். அங்க பெரும்பாலும் ஆட்டோமேட்டிக். 22 வருஷமா கிளட்ச் மிதிச்ச கால், அவசரத்துல கிளட்ச்னு நினைச்சு அகலமா இருக்கற பிரேக்கை முழுசா மிதிக்கும், வண்டி அப்படியே குத்திட்டு நிக்கும், பின்னாடி வர்றவர் வந்து இடிப்பார். இடது காலை சீட்டுக்குக் கீழ உள்ள இழுத்து வெச்சுட்டுப் பழகுங்க.

அங்க சட்டம் நம்ம பழக்கத்தோட மோதற இடங்கள்

ஸ்டாப் சைன். சிவப்பு எட்டுமூலை போர்டு. யாருமே இல்லாட்டியும் சக்கரம் முழுசா நிக்கணும். மெதுவாக்கிப் பார்த்துட்டுப் போறது இங்க நல்ல டிரைவிங், அங்க அதுக்கு டிக்கெட், அதாவது அபராதச் சீட்டு. நாலு பக்கமும் ஸ்டாப் சைன் இருக்கற முனைல முதல்ல வந்து நின்னவங்க முதல்ல போகணும், ஒரே நேரத்துல வந்தா வலது பக்கம் இருக்கறவருக்கு வழி. நீங்க இங்க மாதிரி "எல்லாரும் போகட்டும்"னு காத்துட்டு இருந்தா மத்த மூணு பேரும் குழம்பிடுவாங்க, உங்க முறை வந்தா போங்க. ஹெட்லைட் அடிக்கறதும் இப்படித்தான், இங்க அடிச்சா "நான் வர்றேன், நில்லு", அங்க ஒருத்தர் நின்னுட்டு அடிச்சார்னா பெரும்பாலும் "நீங்க போங்க". ஹாரன், ஆபத்தைத் தடுக்க மட்டும்.

சிவப்புல வலது பக்கம் திரும்பலாம், நம்ம ஃப்ரீ லெஃப்ட் மாதிரின்னு யாராவது சொல்லுவாங்க. முழுசா நின்னு, நடக்கறவங்களுக்கு வழி விட்டுட்டு அப்புறம்தான் திரும்பணும். கூடாதுன்னு போர்டு இருந்தாலோ சிவப்பு அம்புக்குறி எரிஞ்சாலோ அதுவும் கிடையாது. நியூயார்க் சிட்டிக்குப் போனீங்கன்னா அங்க தலைகீழ், அனுமதிச்சு போர்டு இருக்கற இடத்துல மட்டும்தான்.

ஸ்கூல் பஸ். பேரனை விடப் போறதால இதை மனசுல ஆழமா பதிய வெச்சுக்கோங்க. மஞ்சள் பஸ் நின்னு சிவப்பு லைட் விட்டு விட்டு எரிஞ்சா, பின்னாடி வர்றவங்க மட்டும் இல்ல, எதிர்ல வர்றவங்களும் நிக்கணும், லைட் அணையற வரைக்கும். நடுவுல தடுப்பு இருக்கற ரோட்டுலயும், ஒவ்வொரு பக்கமும் ரெண்டு லேனுக்குக் குறையாம இருக்கற ரோட்டுலயும் எதிர்ப்பக்கம் வர்றவங்களுக்கு விலக்கு உண்டு. சந்தேகம் வந்தா நில்லுங்க. நிக்கற பஸ்ஸை ஓரமா ஒதுங்கித் தாண்டறது நம்ம கைல ஊறின பழக்கம், அங்க அந்த பஸ்ஸுக்கு முன்னாடி இருந்து ஒரு குழந்தை ரோட்டைக் கடந்துட்டு இருக்கும்.

ஸ்பீடு மைல் கணக்கு. வீடுகள் இருக்கற தெரு, ஸ்கூல் பக்கம் 25-னு போட்டிருந்தா நம்ம கணக்குல 40 கிலோமீட்டர், ஃப்ரீவேல 65-னா கிட்டத்தட்ட 105. ஃபோனை கைல எடுக்கவே கூடாது. கைல பிடிச்சுட்டு மேப் பார்த்தாலும் குற்றம்தான்னு 2025-ல கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒண்ணு தெளிவாவே சொல்லிடுச்சு. டாஷ்போர்டுல ஸ்டாண்ட் போட்டு மாட்டி வெச்சுட்டு, கிளம்பறதுக்கு முன்னாடியே அட்ரஸைப் போட்டுடுங்க. குடிக்கற பழக்கம் உங்களுக்கு இல்ல, ஆனா தூக்கம் வர வெக்கற சளி மருந்தைச் சாப்பிட்டுட்டு தடுமாறி ஓட்டினாலும் அதே சட்டப்பிரிவுதான்.

குழந்தைகள். எட்டு வயசுக்குக் கீழ இருந்தா பின் சீட்ல, கார் சீட்லயோ பூஸ்டர்லயோதான், 4 அடி 9 அங்குலம் உயரம் இருந்தாத்தான் விலக்கு. ரெண்டு வயசுக்குள்ள இருக்கற குழந்தை, 40 பவுண்டு எடையோ 40 அங்குல உயரமோ வந்தாலொழிய, பின்பக்கம் பார்த்த சீட்ல. பிறந்த குழந்தையை ஹாஸ்பிடல்ல இருந்து வீட்டுக்குக் கொண்டு வர்ற அந்த முதல் பயணத்துலயே மடில வெச்சுக்க முடியாது, சீட்டை முன்கூட்டியே வாங்கி வண்டில மாட்டியிருக்கணும். நீங்க தனியா பேரனைக் கூட்டிட்டுப் போறப்ப பெல்ட் சரியா போடலன்னா டிக்கெட் உங்களுக்கு. இன்னொண்ணு, தூங்கற பேரனை வண்டிலயே விட்டுட்டு ஒரு நிமிஷம் கடைக்குள்ள போயிட்டு வரலாம்னு நினைக்காதீங்க. ஆறு வயசும் அதுக்குக் கீழயும் இருக்கற குழந்தையை, 12 வயசாவது ஆன ஒருத்தர் கூட இல்லாம, எஞ்சின் ஓடிட்டு இருக்கறப்பவோ சாவி வண்டியிலயே இருக்கறப்பவோ குழந்தைக்கு ஆபத்தான சூழல்லயோ விட்டுட்டுப் போனா அதுக்குத் தனிச் சட்டமே இருக்கு.

போலீஸ் நிறுத்தினா இறங்காதீங்க

பின்னாடி சிவப்பு லைட் தெரிஞ்சா இண்டிகேட்டர் போட்டு வலது ஓரமா பத்திரமான இடத்துல நிறுத்துங்க. எஞ்சினை அணைங்க, கண்ணாடியை இறக்குங்க, ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல தெரியற மாதிரி வெச்சுட்டு உக்காந்தே இருங்க. இங்க இறங்கிப் போய்ப் பேசறது மரியாதை. அங்க ஒருத்தர் கதவைத் திறந்து போலீஸ்காரரை நோக்கி நடந்தா அது மிரட்டல்னு எடுத்துக்குவாங்க. கைப்பைக்குள்ள உடனே கையை விடாதீங்க, கேட்டப்புறம் "பைல இருக்கு, எடுக்கறேன்"னு சொல்லிட்டு எடுங்க. டிக்கெட் கொடுத்தா கையெழுத்து போடுங்க. அது தப்பை ஒத்துக்கறது இல்ல, குறிச்ச தேதிக்குள்ள பதில் சொல்றேன்ங்கற வாக்குறுதி, போடமாட்டேன்னு நின்னாத்தான் கைது வரைக்கும் போகும். சாதாரண டிராஃபிக் டிக்கெட்டால விசா போகாது, பயப்பட வேண்டாம். ஆனா இந்தியா திரும்பறேன்னு கட்டாம விட்டுடாதீங்க, தேதிக்கு பதில் சொல்லாதது தனிக் குற்றம்.

கடவுள் புண்ணியத்துல வேணாம், ஆனா எங்கயாவது இடிச்சுட்டா அங்கயே இருங்க. நம்ம மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆவது பிரிவுலயே, கூட்டம் அடிக்க வந்தா டிரைவர் அங்க நிக்காததைப் புரிஞ்சுக்கற மாதிரி ஒரு விலக்கு இருக்கு, நேரா ஸ்டேஷனுக்குப் போயிடுங்கன்னு நாங்களே சொல்லுவோம். கலிஃபோர்னியால இடத்தை விட்டு நகர்ந்தா இடிச்சுட்டு ஓடினதா ஆயிடும். நிறுத்தி, 911 (அங்கத்த அவசர உதவி நம்பர்) கூப்பிட்டு, பேர், லைசென்ஸ், இன்சூரன்ஸ் விவரம் மாத்திக்கணும். யாருக்காவது அடிபட்டாலோ சேதம் 1,000 டாலருக்கு மேல போனாலோ பத்து நாளைக்குள்ள டிஎம்வி-க்கு (நம்ம ஆர்டிஓ மாதிரி அங்க இருக்கற ஆபீஸ்) எஸ்ஆர்-1ங்கற விபத்துப் படிவம் அனுப்பணும், போலீஸ் வந்து எழுதிட்டுப் போயிருந்தாலும்.

அப்ப ஓட்டலாமா?

ஓட்டலாம்மா. ரினியூவல் கைக்கு வந்து, பாலிசில பேர் ஏறினதுக்கு அப்புறம். போன உடனே வேண்டாம், பகல்-ராத்திரி மாறின தூக்கக் கலக்கம் ஒரு வாரம் இருக்கும். அங்க ஒரு டிரைவிங் இன்ஸ்ட்ரக்டரை வெச்சு மூணு நாலு கிளாஸ் எடுங்க, மாப்பிள்ளை பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்றதைவிட அது நல்லது, ரெண்டு பேருக்கும் மனசு கஷ்டம் இருக்காது. அப்புறம் வீடு, ஸ்கூல், கிளினிக், பகல்ல, தெரிஞ்ச ரோடு. அதுக்கு உங்க 22 வருஷ அனுபவம் தாராளமா போதும்.

ஒரே ஒரு ட்ரிப் மட்டும் வேண்டாம், அது நீங்க மனசுல ரொம்ப நாளா நினைச்சுட்டு இருக்கறதுதான். நடு ராத்திரி, பக்கத்து சீட்ல பொண்ணு வலில துடிக்கறா, பின்னாடி பேரன் தூக்கத்துல அழறான், 65 மைல் ஸ்பீடுல எந்த எக்சிட்னு தேடணும். அந்த நேரத்துல கையும் காலும் பழைய பழக்கத்துக்குப் போயிடும், யாருக்கா இருந்தாலும். மாப்பிள்ளை இல்லாத ராத்திரிக்கு யார் வண்டி எடுப்பாங்கன்னு பக்கத்து வீட்ல ஒருத்தர்கிட்டயோ அவங்க ஃப்ரெண்ட்ஸ்கிட்டயோ இப்பவே பேசி வெக்கச் சொல்லுங்க, பனிக்குடம் உடைஞ்சு அவசரமாச்சுன்னா 911 கூப்பிடுங்க. நீங்க பேரன் கூட வீட்ல இருங்க, இல்ல பொண்ணு கையைப் பிடிச்சுட்டு பின் சீட்ல உக்காருங்க.

ரினியூவலுக்கு இந்த வாரமே போட்டுடுங்க, அக்டோபருக்கு நாள் அதிகம் இல்ல. மாப்பிள்ளை பாலிசி பேப்பரை அனுப்பினதும் லிமிட் எவ்வளவு போட்டிருக்கு, உங்க பேர் புது லைசென்ஸ்ல இருக்கற மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்கான்னு பாருங்க. ஏதாவது புரியலன்னா அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்க, படிச்சுட்டு சொல்றேன்.